கோபோல்: கணக்கேட்டின் மொழியும் அதை உருவாக்கிய பெண்களும்

நம் பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலரில் ஒரு கணினி மொழியின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று தோழியர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இம்மலரைக் கையில் எடுக்கும் நம்முள் பலர் வங்கியிலோ, காப்புறுதி நிறுவனத்திலோ, அரச திணைக்களத்திலோ, வெளிநாட்டு அலுவலகமொன்றிலோ பணிபுரிந்தவர்கள். எஞ்சியோரும் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறோம், ஓய்வூதியம் பெறுகிறோம், பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புகிறோம். இக்கொடுக்கல் வாங்கல்களுக்குப் பின்னால், உலகின் எத்தனையோ பெரிய நிறுவனங்களில், 1959ஆம் ஆண்டில் பிறந்த ஒரு மொழி இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் கோபோல். ‘பொதுவான வணிகநோக்கு மொழி’ என்பதன் ஆங்கிலச் சொற்களிலிருந்து எடுத்த எழுத்துகளால் அமைந்த பெயர் அது.

அம்மொழியை உருவாக்கியவர்களுள் பெண்கள் பலர் இருந்தனர். அவர்களுள் சிலர் பெண்கள் கல்லூரிகளில் கற்றவர்கள். அவர்களது பெயர்கள் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்களுள் ஒருவர் பழைய கடதாசிகளை எறியாமல் வைத்திருந்து பின்னர் வரலாறாக எழுதியதே. நூறாண்டு நினைவுகளைத் தொகுக்க முயலும் நமக்கு இக்கதையில் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு என்று எண்ணுகிறோம்.

மொழி இல்லாத இயந்திரங்கள்

1950களில் கணினி என்பது ஓர் அறையையே நிரப்பும் இயந்திரம். அதற்கு வேலை கொடுப்பவர்கள் அந்த இயந்திரத்துக்கென்றே அமைந்த எண்களாலும் குறிகளாலும் கட்டளைகளை எழுதினார்கள். ஒரு கம்பனியின் இயந்திரத்துக்கு எழுதியது மற்றக் கம்பனியின் இயந்திரத்தில் ஓடாது. அதே கம்பனியின் புதிய இயந்திரத்தில்கூடப் பல வேளைகளில் ஓடாது. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நிரல் ஒன்றை ஒரு நிறுவனம் பெரும் செலவில் எழுதுவித்தால், அடுத்த இயந்திரம் வாங்கும்போது அதைத் திரும்பவும் முதலிலிருந்து எழுதவேண்டும். 1959இல் எடுத்த கணிப்பீடு ஒன்றின்படி, தரவுகளைக் கையாளும் நிலையமொன்றில் நிரல்கள் எழுதுவதற்குச் சராசரியாக 8 இலட்சம் டொலர் செலவானது. அவற்றைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றி எழுத 6 இலட்சம் டொலர் வேண்டியிருந்தது.

விஞ்ஞானிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும் 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் போர்ட்ரான் என்ற மொழியை வழங்கியிருந்தது. அது சூத்திரங்களுக்கு ஏற்ற மொழி. வணிகத்தின் தேவை வேறு. அங்கே கடினமான கணிதம் குறைவு; பதிவுகள் மிக அதிகம். ஆயிரக்கணக்கான ஊழியர்களின் பெயர், இலக்கம், சம்பளம், கழிவு, மீதி என்பவற்றை வாசித்து, கூட்டிக் கழித்து, ஒழுங்காக அச்சிட்டுத் தரவேண்டும். அவ்வேலையை விளங்கிக்கொண்டவர்கள் கணக்காளர்களும் இலிகிதர்களும். அவர்களுக்குச் சூத்திரக் குறிகள் அந்நியமானவை.

கிறேஸ் ஹொப்பர் கண்ட வழி

இத்தேவையை ஆரம்பத்திலேயே கண்டவர்களுள் ஒருவர் கிறேஸ் ஹொப்பர். 1906 டிசம்பர் 9ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தவர். அக்காலத்தில் பெண்களுக்கு மட்டுமேயாயிருந்த வாசர் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்று 1928இல் பட்டம் பெற்றார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாம் கற்ற கல்லூரியிலேயே ஆசிரியையாகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போர் வந்தபோது கடற்படையின் பெண்கள் துணைப்பிரிவில் சேர்ந்தார். 1944இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 1 என்னும் பெரும் கணிப்பானுக்கு நிரல் எழுத அனுப்பப்பட்டார்.

1949இல் அவர் பிலடெல்பியாவில் யூனிவாக் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரே வகைக் கட்டளைத் தொகுதிகளை ஒவ்வொரு முறையும் கையால் பார்த்தெழுதுவதால் பிழைகள் மலிவதை அவர் கண்டார். அத்தொகுதிகளை எடுத்துக் கோக்கும் வேலையைக் கணினியிடமே ஒப்படைத்தால் என்ன என்று எண்ணினார். 1952ஆம் ஆண்டளவில் அதற்கான நிரல் ஒன்றையும் எழுதி முடித்தார். கணினி எண்கணிதம் மட்டுமே செய்யும், நிரல் எழுதாது என்று சொல்லிப் பலர் அதைத் தொடவும் மறுத்தார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அடுத்து அவர் வைத்த யோசனை இன்னும் துணிச்சலானது. வணிகத்தில் உள்ளவர்கள் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுதட்டும். அவற்றை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றும் வேலையைக் கணினி செய்யட்டும் என்றார். இதை மேலதிகாரிகளுக்கு விளக்கிக் காட்டும்போது, சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என உணர்த்துவதற்காக, அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜேர்மன் மொழியிலும் எழுதிக் காட்டினார். மேலதிகாரிகள் திகைத்துப்போனார்கள். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க இயந்திரத்துக்குப் பிரெஞ்சும் ஜேர்மனும் எப்படி விளங்கும் என்பது அவர்களது நிலைப்பாடு. ஆங்கிலத்தோடு மட்டும் நிற்பதாக உறுதி சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று என்று ஹொப்பர் பின்னர் நகைச்சுவையோடு கூறுவார்.

தமிழில் கற்று ஆங்கிலத்தில் வேலைபார்த்த நமக்கு இச்சம்பவத்தின் பொருள் எளிதில் விளங்கும். இயந்திரத்துக்கு ஆங்கிலமும் தெரியாது. ‘கூட்டு’ என்ற சொல்லுக்கு எந்தச் செயலைச் செய்யவேண்டும் என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டால், அச்சொல் எந்த மொழியில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இம்முயற்சியின் பலன் புளோ-மற்றிக் என்னும் மொழி. 1950களின் நடுப்பகுதியிலிருந்து உருவாகிய இதுவே ஆங்கிலம் போன்ற சொற்களால் வணிக வேலைகளுக்கு நிரல் எழுத உதவிய முதல் மொழி. ஆயினும் அது ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. ஐ.பி.எம்., ஹனிவெல் ஆகிய நிறுவனங்களும் தத்தமக்கென வணிக மொழிகளைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தன.

மேரி ஹோஸ் எழுப்பிய கேள்வி

1959ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பறோஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மேரி ஹோஸ் என்ற பெண்மணி, எல்லா நிறுவனங்களின் இயந்திரங்களுக்கும் பொதுவான ஒரு வணிக மொழி வேண்டும் என்று வற்புறுத்தினார். அதன் விளைவாக ஏப்ரல் 8ஆம் திகதி பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. பல்கலைக்கழகத்தினரும், கணினி பாவிப்போரும், கணினி செய்வோரும் அதில் கலந்துகொண்டார்கள். ஹொப்பரும் இருந்தார். போட்டி நிறுவனங்கள் அனைத்தையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடியவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தை அணுகுவதென முடிவாயிற்று.

அத்திணைக்களத்திடம் அப்போது 225 கணினிகள் இயங்கின. மேலும் 175 வாங்குவதற்குக் கட்டளையிடப்பட்டிருந்தது. நிரல்களுக்காக மட்டும் அது 20 கோடி டொலருக்கு மேல் செலவிட்டிருந்தது. ஆகவே திணைக்களத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் பிலிப்ஸ் இந்த யோசனையை உடனே ஏற்றுக்கொண்டார். மே 28, 29ஆம் திகதிகளில் பென்டகனில் ஏறத்தாழ நாற்பது பேர் கூடினார்கள். மொழி இயன்றவரை ஆங்கிலச் சொற்களைப் பயன்படுத்தவேண்டும். எந்த ஒரு இயந்திரத்துக்கும் கட்டுப்பட்டதாக இருக்கக்கூடாது. நிரல் எழுதக்கூடியவர்களின் வட்டத்தை அது விரிவாக்கவேண்டும் என்று அங்கே பேசப்பட்டது.

குழுக்கள் அமைந்தன. அவற்றுள் ‘குறுங்காலக் குழு’ என்பதற்குச் சில மாதங்களே கொடுக்கப்பட்டன. இருக்கும் மொழிகளைப் பார்த்துத் தற்காலிகமாக ஒரு தீர்வைச் சொல்வதே அதன் கடமை. நிரந்தரமான நல்ல மொழியைப் பின்னர் வேறு குழுக்கள் ஆறுதலாக வகுக்கும் என்பது எண்ணம். ஆறு கணினி நிறுவனங்களும் மூன்று அரச அமைப்புகளும் குறுங்காலக் குழுவுக்கு ஆட்களை அனுப்பின. தலைவராக ஜோசப் வெக்ஸ்ரைன் இருந்தார். ஜூன் 23ஆம் திகதி அது முதன்முறை கூடியது.

குழுவில் மேரி ஹோஸ் இருந்தார். சில்வேனியா நிறுவனத்திலிருந்து ஜீன் சமெற் வந்தார். ஐ.பி.எம்மிலிருந்து கேர்ட்ரூட் ரியேர்னி வந்தார். கடற்படையின் ஆய்வு நிலையமொன்றிலிருந்து பெற்றி ஹோல்பேர்ட்டன் வந்தார். தொழில் உலகின் செயற்குழுக்களில் பெண்களைக் காண்பதே அரிதாக இருந்த காலம் அது. ஹொப்பர் இக்குழுவில் அமரவில்லை. மேலேயிருந்த நிறைவேற்றுக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அவரது புளோ-மற்றிக் மொழி குழுவினருக்கு முன்னுதாரணமாய் அமைந்தது.

இரண்டு வாரமும் ஒரு கல்லறைக் கல்லும்

பெரிய குழுக்கள் எப்படி இயங்கும் என்பது சங்க வேலைகளில் ஈடுபட்ட எவருக்கும் தெரியும். எழுத்துகள் எத்தனை, சொற்கள் எவை, சூத்திரக் குறிகளை அனுமதிப்பதா இல்லையா என்று விவாதங்கள் நீண்டன. கணக்காளர்களுக்குச் ‘சமன்’ குறி கொண்ட சூத்திரம் விளங்காது என்றார் சிலர். ‘பெருக்கு’, ‘வகு’ என்று ஒவ்வொன்றையும் சொல்லால் எழுதுவது பொறுக்கமுடியாதது என்றார் வேறு சிலர். இறுதியில் இரண்டுக்கும் இடம் கொடுக்கப்பட்டது. செப்டெம்பர் 18ஆம் திகதி கோபோல் என்ற பெயர் ஏற்கப்பட்டது.

மொழியை எழுதி முடிக்கும் பொறுப்பு ஆறு பேரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களுள் கேர்ட்ரூட் ரியேர்னியும் ஜீன் சமெற்றும் பெண்கள். நியூயோர்க்கில் ஏறத்தாழ இரண்டு வாரம் ஒன்றாக இருந்து அவர்கள் வேலையை முடித்தார்கள். அதே வேளையில் இன்னொரு குழு ஹனிவெல் நிறுவனத்தின் மொழியே சிறந்தது, கோபோலைக் கைவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்திருந்தது. கோபோல் பிறக்குமுன்பே இறந்துவிடும் என்ற பேச்சு பரவியது. ஆறு பேரில் ஒருவரான ஹவார்ட் புரோம்பேர்க் மனம் வெறுத்து, கல்லறைக் கற்கள் விற்கும் கடைக்குப் போய், மேலே ஆட்டுக்குட்டி செதுக்கிய கல்லொன்றில் ‘கோபோல்’ என்று பொறிப்பித்துப் பென்டகனிலிருந்த பிலிப்ஸுக்கு அனுப்பிவைத்தார். அக்கல் இன்று கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது.

1960 ஜனவரியில் நிறைவேற்றுக் குழு மொழியை ஏற்றது. அவ்வாண்டே அரச அச்சகம் அதன் விபரத்தை நூலாக வெளியிட்டது. டிசம்பர் 6, 7ஆம் திகதிகளில், ஏறத்தாழ ஒரே நிரலை ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் 501 இயந்திரத்திலும் யூனிவாக் 2 இயந்திரத்திலும் ஓட்டிக் காட்டினார்கள். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு இயந்திரங்கள், நிரல் ஒன்று. மேரி ஹோஸ் கேட்டது இரண்டு ஆண்டுக்குள் நிறைவேறியது. கோபோல் இயங்காத கணினியை வாங்குவதில்லை என்ற நிலைப்பாட்டை அமெரிக்க அரசும் எடுத்ததால், தயாரிப்பாளர்கள் எல்லோரும் அதை ஏற்க வேண்டியதாயிற்று.

கணக்கேட்டின் ஒழுங்கு

இம்மொழியின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். ஒவ்வொரு கோபோல் நிரலும் நான்கு பெரும் பகுதிகளாக அமையும். முதலாவது அடையாளப் பகுதி. நிரலின் பெயர் அங்கே வரும். இரண்டாவது சூழற் பகுதி. எந்த இயந்திரம், எந்தக் கோப்புகள் என்பது அங்கே. மூன்றாவது தரவுப் பகுதி. ஒவ்வொரு பதிவும் எத்தனை எழுத்து, எத்தனை இலக்கம் கொண்டது என்று அங்கே விபரிக்கப்படும். நான்காவது செயன்முறைப் பகுதி. என்ன செய்யவேண்டும் என்பது வசனங்களாக அங்கே எழுதப்படும்.

அவ்வசனங்கள் உண்மையிலேயே வசனங்கள் போன்றவை. ‘வேலை-நேரத்தை மணிக்கூலியால் பெருக்கி மொத்தச்-சம்பளத்தில் இடுக’ என்ற போக்கில் ஆங்கிலத்தில் எழுதி, முடிவில் முற்றுப்புள்ளி வைப்பார்கள். பெயர்களை முப்பது எழுத்து வரை நீட்டலாம். ஆகவே ‘எக்ஸ்’, ‘வை’ என்று எழுதாமல் ‘மாதாந்தக்-கழிவு’ என்று விளங்கும்படி பெயர் வைக்கலாம். முற்றுப்புள்ளியை இடம்மாற்றி வைத்தால் கணக்கே மாறிவிடும். இலக்கண வகுப்பில் முற்றுப்புள்ளிக்காகத் திட்டு வாங்கியவர்களுக்கு இது புதுமையாக இராது.

பணத்தைக் கையாளும் முறையில்தான் இம்மொழியின் பெரும் பலம் இருக்கிறது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீளும் என்பது நாம் எட்டாம் வகுப்பில் கற்றது. ஒன்று, பூச்சியம் என்ற இரண்டை மட்டும் கொண்டு எண்ணும் கணினிக்கு, பத்தில் ஒன்றே அவ்வாறு முடிவின்றி நீளும் பின்னம். விஞ்ஞானக் கணக்குகளுக்கான முறையில் பத்துச் சதத்தைப் பதிந்தால் அது பத்துச் சதத்துக்கு மிக மிக அண்மையான வேறொரு எண்ணாகப் பதிவாகும். ஒரு கணக்கில் அது பொருட்டல்ல. இலட்சக்கணக்கான கணக்குகளில் தினமும் வட்டி சேர்க்கும்போது பேரேடு சமப்படாது. கோபோலில் எத்தனை இலக்கம், தசமப் புள்ளி எங்கே என்பதைத் தரவுப் பகுதியில் எழுதி வைக்கிறார்கள். கணக்கும் தசம முறையிலேயே நடக்கிறது. கடைசிச் சதம் வரை சரியாக வரும். வங்கிகள் இம்மொழியை விட்டு எளிதில் விலக முடியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அக்காலத்தில் நிரல்களை 80 செங்குத்து வரிசைகள் கொண்ட துளையிட்ட அட்டைகளில் பதிந்தார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. முதல் ஆறு இடங்கள் வரிசை இலக்கத்துக்கென ஒதுக்கப்பட்டன. அட்டைக்கட்டு கைதவறி விழுந்தாலும் மீண்டும் ஒழுங்காக அடுக்குவதற்கு அந்த இலக்கங்கள் உதவின. அட்டைகளில் துளையிடும் அறைகளில் இருந்தவர்களுள் பெரும்பாலானோர் பெண்கள்.

ஏளனமும் நீடித்த ஆயுளும்

பல்கலைக்கழக அறிஞர்கள் பலருக்குக் கோபோல் பிடிக்கவில்லை. அது வளவளவென்று பேசும் மொழி, அழகற்றது, குழு கூடிச் செய்தது என்றார்கள். புகழ்பெற்ற கணினி அறிஞர் டைக்ஸ்ரா 1975இல் எழுதியபோது, இம்மொழியைக் கற்பிப்பதையே குற்றமாகக் கொள்ளவேண்டும் என்னும் அளவுக்குக் கண்டித்தார். கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. பெரிய நிரல்களில் வழிதவறிப் போவது கோபோலில் எளிது. ஆனாலும் அலுவலகங்கள் அதைத் தொடர்ந்து பாவித்தன. 1968இல் அமெரிக்காவில் அதற்குத் தேசியத் தரம் வகுக்கப்பட்டது. 1974, 1985, 2002, 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய தரங்கள் வெளிவந்தன. தற்காலிகம் என்று கேட்கப்பட்ட தீர்வு அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது.

அந்த நீண்ட ஆயுளே ஒரு நெருக்கடியையும் கொண்டுவந்தது. அட்டையில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவது வழக்கமாயிருந்தது. 1965 என்பது 65 ஆகும். தாம் எழுதும் நிரல் 2000ஆம் ஆண்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்று எவரும் நினைக்கவில்லை. 1990களின் இறுதியில், 00 என்பதை 1900 என்று கணினி எடுத்துவிடுமே என்ற அச்சத்தில் உலகெங்கும் பழைய நிரல்களை வரி வரியாக வாசித்துத் திருத்தினார்கள். ஓய்வு பெற்ற பலரும் மீண்டும் அழைக்கப்பட்டார்கள். அவ்வேலை நடந்ததால்தான் அந்தப் புத்தாண்டு பெரிய அசம்பாவிதமின்றிக் கழிந்தது.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றின்போது, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் பில் மேர்பி கோபோல் தெரிந்த தொண்டர்கள் முன்வரவேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். வேலையிழந்தோர் இலட்சக்கணக்கில் உதவிக்கு விண்ணப்பிக்க, நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கணினி முறைமைகள் சுமை தாங்காமல் திணறின. விண்ணப்பித்தவர்களுக்கு அது அன்றாட உணவுப் பிரச்சினை. எழுதியவர்கள் போய்விட்ட நிரல்களைப் பின்வந்தவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது. கணக்காளரும் வாசிக்கக்கூடிய மொழி வேண்டும் என்று 1959இல் கேட்டவர்களின் விருப்பம் அப்போது எவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

யார் பெயர் எஞ்சியது?

கோபோலின் அடையாளப் பகுதியில் நிரலின் பெயருக்கு அடுத்து ‘எழுதியவர்’, ‘எழுதிய திகதி’ என்று குறிப்பதற்கும் இடம் வைத்திருந்தார்கள். மொழியை எழுதியவர்களின் பெயர்கள் மட்டும் வெகு விரைவில் ஒரே பெயராகச் சுருங்கிவிட்டன. ‘கோபோலின் தாய்’ என்று பத்திரிகைகள் கிறேஸ் ஹொப்பரை எழுதின. அவர் அதற்கு எவ்விதத்திலும் குறைந்தவரல்லர். 1966இல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவரை, நிரல்களைத் தரப்படுத்துவதற்காக 1967இல் மீண்டும் அழைத்தார்கள். 1986இல் 79 வயதில் ரியர் அட்மிரலாக அவர் ஓய்வு பெற்றார். ‘எப்போதும் இப்படித்தான் செய்தோம்’ என்ற பேச்சு அவருக்குப் பிடிக்காது. அதற்காகவே தமது அலுவலகச் சுவரில் பின்னோக்கி ஓடும் மணிக்கூடு ஒன்றை மாட்டியிருந்தார். 1992இல் மறைந்த அவருக்கு 2016இல் அமெரிக்காவின் அதியுயர் குடிமக்கள் விருது வழங்கப்பட்டது.

ஆனால் முழுக் கதை அதுவல்ல என்று பொறுமையாக எழுதி வைத்தவர் ஜீன் சமெற். 1928இல் பிறந்து, மவுன்ற் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் கணிதம் கற்றவர். ஆறு பேர் குழுவில் இருந்து கோபோலை எழுதியவர். பின்னர் ஐ.பி.எம்மில் பணியாற்றி, 1974இல் அமெரிக்காவின் பெரும் கணினியியலாளர் சங்கத்துக்கு முதற் பெண் தலைவரானார். 1978இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கணினி மொழிகளின் வரலாறு பற்றிய முதல் மாநாடு நடந்தபோது, கோபோலின் ஆரம்ப வரலாற்றைச் சமெற் வாசித்தார். கூட்ட அறிக்கைகளையும் கடிதங்களையும் குறிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டு, எந்த நாளில் யார் எதைச் சொன்னார் என்று அவரால் எழுத முடிந்தது. ஹொப்பரின் புளோ-மற்றிக் இல்லாவிட்டால் கோபோல் இல்லை. ஆயினும் கோபோலை ஹொப்பர் உருவாக்கினார் என்பது சரியல்ல என்பதை அவர் தயங்காமல் சொன்னார். அதே மாநாட்டில் ஹொப்பரே தலைமை உரை ஆற்றியதும் நினைவுகூரத் தக்கது. மேரி ஹோஸ், கேர்ட்ரூட் ரியேர்னி முதலியோரின் பெயர்கள் நமக்குக் கிடைத்தது சமெற் போன்றவர்கள் எழுதி வைத்ததால்தான்.

எழுதி வைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பெற்றி ஹோல்பேர்ட்டனின் வாழ்க்கையே சாட்சி. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்கச் சென்றபோது, வீட்டிலிருந்து பிள்ளை வளர்ப்பதுதானே நல்லது என்று பேராசிரியர் ஒருவர் கேட்டதால், அவர் பத்திரிகைத் துறைக்கு மாறினார். போர்க்காலத்தில் எனியாக் என்னும் முதற் கணினிகளுள் ஒன்றுக்கு நிரல் எழுதிய ஆறு பெண்களுள் ஒருவரானார். 1946 பெப்ரவரியில் அந்த இயந்திரம் உலகுக்குக் காட்டப்பட்டபோது அப்பெண்களின் வேலை பேசப்படவில்லை. விருந்துக்கும் அவர்கள் அழைக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகளின் பின் கதி கிளைமன் என்ற மாணவி, பழைய படங்களில் இயந்திரத்தின் அருகே நிற்கும் இப்பெண்கள் யார் என்று விசாரித்தார். படத்துக்காக நிறுத்திய அழகிகளாக இருக்கும் என்றே அவருக்குப் பதில் கிடைத்தது. அவர் விடாமல் தேடியதால் ஆறு பேரின் பெயர்களும் வெளிச்சத்துக்கு வந்தன. ஹோல்பேர்ட்டன் அப்போது உயிரோடிருந்தார். அவர் 2001இல் மறைந்தார்.

ஒரே பெண்மணி இரண்டு குழுக்களில் இருந்தார். ஒன்றில் அறிக்கைகள் பேணப்பட்டன. மற்றதில் படத்தின் கீழே பெயர் எழுதப்படவில்லை. வேறுபாடு அவ்வளவுதான். இழப்போ நாற்பது ஆண்டு.

நம் சங்கத்தின் நூறாண்டையும் குழுக்களே நடத்தி வந்திருக்கின்றன. தலைவிகளின் பெயர்கள் பலகையில் இருக்கின்றன. அவர்களோடு இருந்து கணக்கெழுதியவர்கள், கடிதம் தட்டச்சுச் செய்தவர்கள், விழாவுக்கு வீடு வீடாகச் சென்று பணம் சேர்த்தவர்கள், இடம்பெயர்ந்து போனபோதும் அறிக்கைப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துக் காவிச் சென்றவர்கள் எத்தனையோ பேர். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் தோழியரின் அலுமாரிகளில் இன்றும் பழைய வகுப்புப் படங்கள் இருக்கும். பின்பக்கத்தில் பெயர் எழுதாத படங்களே அவற்றில் அதிகம் என்பது நமக்குத் தெரியும். யார் யார் என்று சொல்லக்கூடிய அக்காமார் நம்மோடு இருக்கும்போதே அப்பெயர்களைக் கேட்டு, ஆண்டையும் நான்கு இலக்கத்தில் முழுதாக எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவைக்குமாறு எல்லாத் தோழியரையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.